கல்குளத்துக் கோட்டையில் ஒரு நாள்

நாஞ்சில் நாட்டில் பேய்களுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பனைமரம் ஒன்று தனித்து நின்றால் அதில் ஓர் இயக்கி. கல்மண்டபம் ஒன்று இடிந்து கிடந்தால் அதில் ஒரு வாதை. சுடுகாட்டு வழியில் ஒரு மாடன். கொடை விழாக்களில் விடிய விடிய வில்லடித்துப் பாடப்படும் கதைகளில் பலவும் கொலையுண்டவர்களின் கதைகளே. 1544-ஆம் ஆண்டு புனித சவேரியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற நம் கடற்கரை மக்களும் இந்த அச்சத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்பார்கள். வெள்ளிக்கிழமை இரவில் தென்னந்தோப்பு வழியே தனித்து வரமாட்டார்கள்.

மின்சாரம் வந்ததும் பேய்கள் ஓடிவிட்டன என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பெருமை, அல்லது தனி வருத்தம், இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட்டு இருப்பதை 1909-ஆம் ஆண்டில் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அதிலிருந்து கிடைத்த தோரியம் ஐரோப்பாவின் வாயு விளக்குகளுக்கு வலை செய்ய உதவிற்று. எங்கள் மணல் கப்பலேறிப் போய் அந்நாட்டு நகரங்களின் தெருக்களில் ஒளி வீசிய நாள்களில், அந்த மணலை அள்ளிக் கொடுத்த மக்களின் குடிசைகளில் புன்னைக்காய் எண்ணெய் அகலே எரிந்தது. பேய்கள் எங்கே தங்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நிற்க. எங்கள் பங்கின் மறைக்கல்வி மாணவர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் ஒரு நாள் வெளியூர் அழைத்துச் செல்வது வழக்கம். இவ்வாண்டு எங்கே போகலாம் என்று கேட்டபோது, திற்பரப்பு அருவி என்று சிலரும், பத்மநாபபுரம் என்று பலரும் கைதூக்கினர். பலருடைய ஆர்வத்துக்குக் காரணம் வரலாறு அன்று. 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழு’ என்னும் மலையாளத் திரைப்படத்தின் சில காட்சிகள் அவ்வரண்மனையில் எடுக்கப்பட்டவை. அக்கதையே பின்னர் 2005-இல் ‘சந்திரமுகி’ என்று தமிழில் வந்தது. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குப் பத்மநாபபுரம் என்றால் சலங்கை ஒலிக்கும் ஒரு பூட்டிய அறை. பேயைப் பார்க்கப் போகிறோம் என்ற மகிழ்ச்சியோடு பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். பதினைந்தாவதாக ஒருவனை நானே வற்புறுத்திச் சேர்த்தேன்.

அவனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவனுடைய தந்தை தூத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வந்தபோது அவர் இருந்த விசைப்படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது பையனுக்கு ஏழு வயது. தாய் அவனையும் அவன் தங்கையையும் அழைத்துக்கொண்டு பிறந்த வீடாகிய எங்கள் பங்கிற்கே வந்துவிட்டார். வலைக்கம்பெனியில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறார். அண்மையில் ஒரு மந்திரவாதி அவ்வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தான். குழி காணாத உடலின் ஆவி அலைகிறது என்றும், அது மகனைத்தான் கூப்பிடுகிறது என்றும், கட்டாவிட்டால் பையனுக்கு ஆபத்து என்றும் சொல்லி, ஒரு கருங்கோழியும் இருபதாயிரம் ரூபாயும் கேட்டிருக்கிறான். தாய் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் துணிந்துவிட்டார். பையனோ மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் உபதேசியார்.

ஒரு சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் வேனில் புறப்பட்டோம். திங்கள்நகர் வழியாகத் தக்கலை சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேனில் பாட்டும் கூத்துமாக இருந்தது. உபதேசியார் முன்னிருக்கையில் அமர்ந்து பிள்ளைகளுக்குக் கடமற்றத்துக் கத்தனாரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கொட்டாரத்தில் சங்குண்ணி மலையாளத்தில் தொகுத்த ‘ஐதீகமாலை’யில் உள்ள கதை அது. பத்மநாபபுரத்துக்குச் செல்லும் காட்டு வழியில் ஓர் இயக்கி அழகிய மங்கையாக வந்து வழிப்போக்கர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். கொடுத்தவனின் மயிரும் நகமும் மட்டுமே மறுநாள் கிடைக்குமாம். சிரியன் கிறிஸ்தவக் குருவான கத்தனார் அவள் உச்சியில் ஓர் இரும்பாணியை அறைந்து அடக்கி, வீட்டு வேலைக்காரியாக அழைத்துச் சென்றாராம். பேன் பார்த்த ஒரு கிழவி, பாவம், தலையில் ஆணி இருக்கிறதே என்று பிடுங்கிவிட, அவள் மறைந்துபோனாளாம். கதை முடிந்ததும் உபதேசியார் திரும்பி, “நம்ம சாமிக்கும் ஆணி அடிக்கத் தெரியுமோ என்னவோ” என்றார். வேன் முழுவதும் சிரித்தது. பதினைந்தாவது பையன் மட்டும் சாளரத்தின் வழியே மரச்சீனித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்மநாபபுரத்தின் பழம்பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின் தலைநகராக அது விளங்கியது. 1601-ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே அரண்மனை கட்டத் தொடங்கினார் என்பர். இன்று நாம் காணும் பெரும் பகுதிகளைக் கட்டியவர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா. அவர் 1750-இல் தம் நாட்டையே ஸ்ரீ பத்மநாபனுக்குக் காணிக்கையாக்கினார். ஊரின் பெயரும் பத்மநாபபுரம் ஆயிற்று. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர் அரண்மனை தனித்து நின்றது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்து வருகிறது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை.

மரத்தால் இத்துணை அழகிய மாளிகை ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கப்பட்ட தாமரைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரை விளக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்பக்கமே நிற்கும். மேலே மந்திரசாலையில் அபிரகத் தகடு பதித்த சாளரங்கள் வெயிலை நிலவாக்கி உள்ளே விடுகின்றன. தரையோ கறுத்த கண்ணாடி போன்றது. சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்தது என்று வழிகாட்டும் அம்மையார் விளக்கினார். ஒரு சிறுமி குனிந்து தன் முகத்தைத் தரையில் பார்த்துத் தலைவாரிக்கொண்டாள். ஊட்டுப்புரையில் இரண்டு தளங்களிலுமாக ஒரே வேளையில் ஈராயிரம் பேருக்குச் சோறு போடுவார்களாம். பையன்கள் அங்கிருந்த ஊறுகாய்ச் சாடிகளை எண்ணத் தொடங்கிவிட்டனர். பழைமையான தாய்க்கொட்டாரத்தில் பலாமரத்தூண் ஒன்று இருக்கிறது. அதைச் செதுக்கிய தச்சன் யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எங்கும் எழுதியிருப்பது அரசர் பெயரே.

“சந்திரமுகி அறை எது?” என்று பிள்ளைகள் கேட்டபோது வழிகாட்டும் அம்மையார் சிரித்துவிட்டார். நாள்தோறும் பலமுறை கேட்கும் கேள்வியாம். “இங்கே அப்படி ஒருத்தி இல்லை மக்களே. படக்காரர்கள் வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள்” என்றார். பிள்ளைகளின் முகம் வாடியது. பேய் இல்லாத அரண்மனைக்கா இத்தனை தூரம் வந்தோம் என்பது போல் ஒருவரையொருவர் பார்த்தனர். ஆயினும் தெற்குக் கொட்டாரத்துப் பக்கமுள்ள காட்சிக்கூடத்தில் அவர்கள் தேடி வந்ததைவிடக் கொடிய ஒன்று இருந்தது.

அது ஓர் இரும்புக் கூண்டு. மனித உருவத்துக்கு ஏற்ப, தலைக்கும் நெஞ்சுக்கும் காலுக்குமாக இரும்புப் பட்டைகளை வளைத்துச் செய்தது. மரண தண்டனை பெற்றவனை அதற்குள் நிறுத்திப் பூட்டி, ஊருக்கு வெளியே மரத்தில் தொங்கவிடுவார்கள். உணவில்லை, நீரில்லை. பருந்தும் காகமும் மற்றதைச் செய்யும். இதற்கே ‘சித்திரவதை’ என்று பெயர். நாம் இன்று சிறு துன்பத்துக்கும் சொல்லிவிடும் அந்தச் சொல்லின் வீடு இது. செத்த பின்னும் உடலை இறக்கித் தரமாட்டார்கள். தண்டனையின் கடைசிப் பகுதி அதுதான்: குழியில்லாமை.

சிரிப்பு நின்றுவிட்டது. பதினைந்தாவது பையன் கூண்டின் அருகே போய் நெடுநேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “ஃபாதர், குழியில் வைக்கப்படாதவர்கள் எல்லாரும் அலைந்துகொண்டேதான் இருப்பார்களா?” என்று கேட்டான்.

அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தின் நடுவில், பாதிப் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. “இன்று முழுவதும் நாம் சேர்ந்துதானே இருக்கிறோம், சொல்லுகிறேன்” என்று அவன் தோளில் கைவைத்தேன்.

நண்பகலில் அரண்மனைக்கு வெளியே மரநிழலில் அமர்ந்து, வீடுகளிலிருந்து கட்டி வந்த பொதிகளைப் பிரித்தோம். வாட்டிய வாழையிலையில் சோறும் துவையலும் பொரித்த நெத்திலியும் மணத்தன. வடகிழக்கே வேளிமலை நீலமாக நின்றது. அதன் அடிவாரத்து மேலாங்கோட்டில் இயக்கியம்மன் கோயில் இருப்பதை ஒரு பிள்ளை நினைவூட்டினாள். அங்கிருந்து பேச்சு கள்ளியங்காட்டு நீலிக்குப் போயிற்று. பார்வதிபுரத்தை அடுத்த கள்ளியங்காட்டில், நம்பி வந்த ஒரு பெண்ணை அவளுடைய நகைக்காகக் கொன்றான் ஒருவன். அவன் மடியில் தலைவைத்து உறங்கியவள் அவள். அவள் சாகும்போது சாட்சிக்கு ஆளில்லாமல் கள்ளிச்செடியைச் சாட்சி வைத்தாளாம். அவளே பிறகு நீலியாகப் பழிவாங்கினாள் என்று வில்லுப்பாட்டு சொல்லுகிறது. முப்பந்தலில் இசக்கியம்மனாக வணங்கப்படுபவளும் அவளே என்பர்.

குருமடத்தில் படித்த நாள்களில் இக்கதைகளை மூடநம்பிக்கை என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடக் கற்றிருந்தோம். ஆண்டுகள் பலவாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மக்களின் துயரம் கேட்ட பின்னர், அந்தப் பெட்டி சிறியது என்று தோன்றுகிறது. நம் நாட்டுப் பேய்களைச் சற்று விசாரித்துப் பாருங்கள். அவற்றுள் பணக்காரன் அரிது, நீதிபதி அரிது, கொலை செய்தவனும் அரிது. கொலையுண்ட பெண், நிறைமாதச் சூலி, வெட்டுண்ட வேலைக்காரன், நியாயம் கிடைக்காதவர்கள், இவர்களே வருகிறார்கள். மன்றத்தில் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாதபோது கள்ளிச்செடியைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் நம் முன்னோர். பேய் உண்டு என்பதற்கு அது சான்று ஆகாது. அநியாயம் நடந்தது என்பதற்குச் சான்று ஆகலாம்.

மார்த்தாண்ட வர்மா தம்மை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார்களை ஒழித்த கதையை உபதேசியார் எடுத்தார். ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். பெண்டு பிள்ளைகளை என்ன செய்தார்கள்? கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்று பி. சங்குண்ணி மேனோன் 1878-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாற்றில் காண்கிறோம். ‘துறையேற்றம்’ என்று இதற்குப் பெயரும் உண்டு. இதைக் கேட்டதும் ஒரு சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்படியானால் நம் வீட்டுக்கு அனுப்புவதுதான் தூக்குக்கு அடுத்த தண்டனையா, ஃபாதர்?” என்றாள். ஆம், அரண்மனைக்கு அப்படித்தான் தோன்றிற்று என்றேன். “வந்தவர்களுக்கு நம்ம ஆள்கள் மீன் கொடுத்திருப்பார்கள்” என்றாள் அவள், நெத்திலியைக் கடித்துக்கொண்டே. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிற்பகலில் உதயகிரிக் கோட்டைக்குச் சென்றோம். தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் புலியூர்க்குறிச்சியில், ஒரு சிறு குன்றைச் சுற்றி வளைத்த கருங்கல் மதில் அது. இப்போது வனத்துறையின் உயிரினப் பூங்காவாக இருக்கிறது. மான்களும் மயில்களும் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. 1741-இல் குளச்சல் போரில் ஒல்லாந்தர் படை தோற்றபோது சிறைப்பட்டவர் யூஸ்டாக்கியுஸ் பெனடிக்டுஸ் டி லனாய். வென்ற அரசருக்கே படைத்தலைவராகி, அவருடைய படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்றவர். கூரையிழந்த ஒரு சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அருகில் அவர் மனைவியும் மகனும் துயில்கின்றனர்.

கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள். குருமடத்தில் பயின்ற இலத்தீனைத் தூசி தட்டி எடுத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் பொருள் சொன்னேன். ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசருக்கு உண்மையாக ஊழியம் செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அடக்கியவர், 62 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் முதல் நாள் மறைந்தவர் என்று கல் சொல்லுகிறது. அந்நிய மண்ணில் கைதியாக வந்தவருக்கு எவ்வளவு நிறைவான கல்லறை! மாதக் கணக்குக்கூடத் தவறவில்லை.

இந்த மனிதரிடமே நீலகண்ட பிள்ளை என்னும் அரண்மனை அலுவலர் கிறிஸ்துவைப் பற்றி முதன்முதல் கேட்டறிந்தார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். குடும்பத் துன்பங்களால் மனம் சோர்ந்திருந்த அவருக்கு டி லனாய் விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். எருமையின் மீது பின்நோக்கி அமர்த்தி, எருக்கம்பூ மாலை சூட்டி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். மூன்று ஆண்டுத் துன்பத்துக்குப் பின், 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுடப்பட்டார்.

“டி லனாய் இதே அரசரின் படைத்தலைவர்தானே? அவர் ஏன் காப்பாற்றவில்லை?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. தேவசகாயம் சுடப்பட்ட பின் இருபத்தைந்து ஆண்டுகள் டி லனாய் அந்த அரச குடும்பத்தின் சேவையில் இருந்தார் என்ற கணக்கை மட்டும் அவனுக்குச் சொன்னேன். விசுவாசத்தைக் கற்பித்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர் மற்றொருவர். கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நானும் உபதேசியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை.

கோட்டையிலிருந்து முட்டிடிச்சான்பாறை மிக அருகில். காவலர் இழுத்துச் சென்ற வழியில் தாகத்தால் வருந்திய தேவசகாயம் இங்கே முட்டியிட்டு வேண்ட, பாறையில் நீர் சுரந்தது என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஆலய வளாகத்தில் அந்தச் சிறு நீர்க்குழி இன்றும் உள்ளது. பிள்ளைகள் நீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டனர். மற்றவர்கள் சுக்குக் காப்பி தேடிப் போனபோது, அந்தப் பையனை அழைத்து ஆலயத் திண்ணையில் உட்காரவைத்தேன்.

“காலையில் கேட்டாயே மக்களே, அதைப் பேசுவோம்” என்றேன். “தேவசகாயத்தைச் சுட்ட பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? குழியில் வைக்கவில்லை. காட்டில் எறிந்தார்கள். சில நாள்களுக்குப் பிறகே நம்மவர்கள் தேடிப் போய், கிடைத்த எலும்புகளை எடுத்து வந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். அந்த நாள்களில் அவர் எங்கே இருந்தார் என்று நினைக்கிறாய்? காட்டில் அலைந்தாரா?”

அவன் தலையசைத்தான். “அவர் புனிதர், ஃபாதர். 2022-இல் திருத்தந்தை பட்டம் கொடுத்தார். என் அப்பா புனிதர் இல்லையே. கள்ளு குடிப்பார்.”

இதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ஏழு வயதில் பார்த்த தந்தையின் கள் மணத்தை எட்டு ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்து, அதுவே தந்தையின் ஆன்மாவுக்குத் தடை என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். மந்திரவாதி விதைத்தது இந்த நிலத்தில்தான் முளைத்திருக்கிறது.

நான் அவனுக்கு மறையுரை ஆற்றவில்லை. திருச்சபை இறந்தோரை என்ன செய்கிறது என்று மட்டும் சொன்னேன். ஆவிகளை அழைத்துக் குறி கேட்பதை அது தடுத்திருக்கிறது. எந்தோரில் சவுல் அரசன் அப்படிக் கேட்டுக் கெட்டான். இறந்தோருக்காக மன்றாடுவதையோ அது ஒருநாளும் நிறுத்தியதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ நவம்பர் 2-ஆம் நாளை அதற்கென்றே ஒதுக்கினார். அன்று நாம் செபிப்பது புனிதர்களுக்காக அன்று. வியர்த்து உழைத்து, கோபித்து, சில நாள் குடித்து, பிள்ளைகளுக்காகக் கடலில் இறங்கிய சாதாரண மனிதர்களுக்காகவே. குழி இருந்தவர், இல்லாதவர் என்று அந்தப் பூசையில் பிரித்து வாசிப்பதில்லை. கடலில் போனவர் கடவுளின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகவில்லை.

“உயிர்த்த இயேசு சீடர்களிடம் வந்தபோது அவர்கள் ஆவி என்று அஞ்சினார்கள் அல்லவா? அவர் தாம் ஆவி அல்ல என்று காட்ட என்ன கேட்டார்?”

“மீன்” என்றான்.

“ஆம். வேறு எதையும் கேட்கவில்லை. கருங்கோழியும் கேட்கவில்லை.”

அவன் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அதுதான் முதல் முறை. பிறகு அவன் கேட்டது என்னைச் சிறிது நேரம் மௌனமாக்கிவிட்டது. “அம்மாவுக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், ஃபாதர். மற்றவர்களுக்குக் கல்லறை இருக்கிறது. நவம்பர் இரண்டாம் தேதி எல்லாரும் மெழுகுதிரி கொண்டு போவார்கள். அம்மா வீட்டிலேயே இருப்பார்கள். அதனால்தான் அந்த ஆளை உள்ளே விட்டார்கள்.”

விவிலியத்தில் சாமுவேலின் இரண்டாம் நூலில் ரிஸ்பா என்று ஒரு தாய் வருகிறாள். தூக்கிலிடப்பட்ட தன் மக்களின் உடல்கள் மலையில் கிடக்க, பாறையின் மேல் சாக்குத்துணியை விரித்து அமர்ந்து, அறுவடைக் காலம் தொடங்கி மழை வரும் வரை பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் ஓட்டியவள். அவளுடைய காவலைக் கேள்வியுற்ற பின்பே தாவீது அரசன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்தான். ரிஸ்பாவுக்கு அமர ஒரு பாறையாவது இருந்தது. ஆழ்கடலில் கணவனைப் பறிகொடுத்த பெண் எங்கே சாக்கு விரிப்பாள்? 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, பெரும் குழிகளில் சேர்த்து அடக்கம் செய்தோம். யார் எந்த மூலையில் என்று தெரியாவிட்டாலும் அங்கே இன்றும் பூ வைக்கிறார்கள். ஒக்கியில் காணாமற்போனவர்களின் வீட்டாருக்கு அரசு உதவித்தொகையும் சான்றிதழும் வந்து சேர்ந்தன. பூ வைக்க ஓரிடம் வரவில்லை.

மாலையில் வேன் திரும்பியபோது பிள்ளைகள் மீண்டும் பாடிக்கொண்டு வந்தனர். சந்திரமுகியைக் காணாத ஏமாற்றத்தை அவர்கள் எப்போதோ மறந்துவிட்டனர். அந்தப் பையன் இப்போது பின்னிருக்கையில் மற்றவர்களோடு நெருக்கியடித்து அமர்ந்திருந்தான். பாடவில்லை, தாளம் மட்டும் போட்டான்.

அடுத்த ஞாயிறு அருட்பணிப் பேரவையில் நான் இதை எடுத்தேன். உடல் இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. இடம் ஏற்கெனவே நெருக்கடி, இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை பலர் கேட்பார்கள் என்றார் ஒருவர். “கேட்கட்டுமே, கேட்க வேண்டியவர்கள்தானே” என்றார் மூத்த கட்டுமரக்காரர் ஒருவர். இவருடைய தம்பியும் 40 ஆண்டுகளுக்கு முன் கடலில் போனவர். அன்றுவரை எனக்கு அது தெரியாது. முடிவில், தனிக் கல்லறை இல்லை, மதிலையொட்டி ஒரு நீண்ட கருங்கல் நிறுத்தி, கடலில் போய்த் திரும்பாத நம் பங்கினர், நம் பங்கின் பெண்களை மணந்தோர் அனைவர் பெயரையும் பொறிக்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. இதுவரை பதினொரு பெயர்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது ஒரு பாட்டனாருடையது. ஆண்டு தெரியவில்லை, பெயரை மட்டும் பேத்தி கொண்டு வந்தார்.

மந்திரவாதி இருமுறை ஆளனுப்பியதாகவும், பையனே வாசலில் நின்று திருப்பி அனுப்பியதாகவும் உபதேசியார் சொன்னார்.

கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தத் தாயின் காரியத்தில் ஒன்றே பாக்கி. கல்லில் எந்த நாளைப் பொறிப்பது? சான்றிதழில் இருப்பது நவம்பர் 30. அவரோ, “அந்த நாள் சர்க்கார் போட்ட நாள், சாமி. பதினான்காம் தேதி விடியற்காலம் கட்டங்காப்பி குடித்துவிட்டு, மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்” என்கிறார். இரண்டையும் பொறிக்கலாம், எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கூடும், அவ்வளவுதான் என்கிறார் கல்தச்சர். மகளையும் கேட்டுவிட்டு வருகிற புதன்கிழமை நவநாளுக்கு வரும்போது சொல்லுவதாகச் சொல்லியிருக்கிறார்.